ஹொக்கியன் பேசும் மாணவருக்கு ஆங்கிலம் கற்பித்தல்: பினாங்கு வகுப்பறைக்கான கையேடு

மலேசியாவின் பினாங்கிலோ அதை ஒட்டிய கெடா, வட பேராக் வட்டாரங்களிலோ ஆங்கில ஆசிரியராகப் பணியேற்கும் தமிழர் ஒருவர், சீன மாணவர் மிகுந்த வகுப்பில் நுழைந்த சில வாரங்களிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுவதுண்டு. இந்தப் பிள்ளைகள் கணக்கில் கெட்டி, எழுத்துத் தேர்விலும் பரவாயில்லை, வாய் திறந்து ஆங்கிலம் பேசத்தான் வராது என்பது அந்த முடிவு. அது பெரும்பாலும் தவறானது. அதே பிள்ளை பாட்டியிடம் ஹொக்கியன் என்னும் சீன வட்டார மொழியும், பள்ளித் தோழரிடம் பொதுச் சீனமான மாண்டரினும், கடைத்தெருவில் மலாயும் பேசி, ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தடுமாறாமல் தாவுகிறது. நான்காவதாக ஒரு மொழி நாவில் நிற்காமல் போவதற்கு மொழித்திறன் குறைவு காரணமாக இருப்பது அரிது. அந்த மொழியை யாரோடு, யார் முன்னிலையில், எதற்காகப் பேசுவது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ஆகவே இக்கையேடு வீட்டையும் தெருவையும் முதலில் எடுத்துக்கொண்டு, ஒலிப்பையும் இலக்கணத்தையும் அதன் பின்னரே பேசுகிறது.

வீட்டு மொழிகளைக் கேட்டறிதல்

பினாங்கு ஹொக்கியன், தென்சீனத்தின் பூஜியான் மாநிலத்துச் சாங்சோவ் வட்டார வழக்கிலிருந்து வந்து, மலாய்ச் சொற்களைத் தாராளமாக ஏற்றுக்கொண்ட மொழி. கல்லுக்குப் பத்து, உதவிக்குத் தோலோங் என்று மலாயின் வேர்கள் அதில் ஊறிக் கிடக்கின்றன. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் சந்தைகளில் தமிழரும் மலாய்க்காரரும்கூட அதில் பேரம் பேசுவார்கள். ஆனால் இன்றைய பிள்ளைகள் எல்லாரும் அதை ஒரே அளவில் பேசுவதில்லை. சீனப்பள்ளியில் படித்து வளர்ந்த பெற்றோர் பலர் தம் பிள்ளைகளிடம் மாண்டரினில் பேசுவதால், பல வீடுகளில் ஹொக்கியன் தாத்தா பாட்டியோடு நின்றுவிட்டது. ஹொக்கியனில் கேட்டு மாண்டரினில் பதில் சொல்லும் பிள்ளைகளும், மலாய்ப் பண்பாட்டோடு கலந்த பழைய சீனக் குடிகளான பாபா நோன்யா மரபிலோ பழைய ஆங்கிலப் பள்ளி மரபிலோ வந்து ஹொக்கியனையும் ஆங்கிலத்தையும் கலந்து பேசும் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள்.

எனவே முதல் வாரத்தில் ஒவ்வொரு மாணவரையும் ஒரு தாளின் நடுவில் தம் பெயரை எழுதி, தாம் அன்றாடம் பேசும் ஆட்களைச் சுற்றிலும் எழுதி, ஒவ்வொருவரிடமும் எந்த மொழியில் பேசுகிறார் என்று குறிக்கச் சொல்ல வேண்டும். சண்டை போடும் மொழி, சாமி கும்பிடும் மொழி, மனத்துக்குள் எண்ணும் மொழி ஆகியவற்றையும் கேட்பது நல்லது. தாளை எந்த மொழியில் நிரப்பினாலும் ஏற்றுக்கொள்ளலாம். அதில் ஆசிரியர் தேட வேண்டியது ஒன்றுதான்: ஆங்கிலத்துக்கென ஓர் ஆளாவது இருக்கிறாரா? சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மாமா, ஆஸ்திரேலியாவில் வளரும் ஒன்றுவிட்ட தங்கை என ஒருவர் இருந்தாலும் அந்த மாணவரின் எழுத்துப் பணிகளை அவருக்கு எழுதும் கடிதமாக மாற்றிவிடலாம். ஒருவருமே இல்லையென்றால், அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் தேர்வுத்தாளோடு மட்டும் பேசும் மொழி. அதற்கு ஓர் ஆளைத் தேடித் தருவதே ஆசிரியரின் முதல் வேலை.

பெயர்களிலும் கவனம் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் டான், லிம், ஓங், ஊய், தியோ என்று ஹொக்கியன் ஒலிப்பில் பதிவான குடும்பப் பெயர்கள், சீனப்பள்ளியில் முறையே சென், லின், வாங், ஹுவாங், சாங் என்று மாண்டரினில் வாசிக்கப்படுகின்றன. குடும்பப் பெயர் முதலில் வரும் என்பதை மறந்து கடைசி அசையைக் குடும்பப் பெயராகக் கொண்டு அழைத்தால், மாணவர் திருத்த மாட்டார். ஆண்டு முழுதும் பொறுத்துக்கொள்வார். எப்படி அழைக்கப்பட விரும்புகிறார் என்று தனியாகக் கேட்டுக்கொள்வதே முறை.

குடும்ப நினைவில் ஆங்கிலம்

பினாங்கில் ஆங்கிலக் கல்வி மிகப் பழையது. பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் 1816-இல் தொடங்கப்பட்டது. லைட் ஸ்ட்ரீட் கான்வென்ட் 1852-இல் வந்தது. 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ், அரசின் முழு உதவி வேண்டுமானால் சீன இடைநிலைப்பள்ளிகள் பயிற்றுமொழியை ஆங்கிலத்துக்கோ மலாய்க்கோ மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் முதலாம் வகுப்பிலிருந்து படிப்படியாக மலாய்க்கு மாறின. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது, சீனப்பள்ளியின் அடித்தளமே ஆட்டம் காணும் என்று சீனக் கல்வி அமைப்புகள் எதிர்த்தன. 2009-இல் அரசு அக்கொள்கையைக் கைவிட முடிவெடுத்தது.

ஆசிரியருக்கு இந்த வரலாறு எதற்கு என்றால், அது குடும்பங்களுக்குள் கோடாக விழுந்திருக்கிறது. ஒரே வீட்டில் ஆங்கிலப் பள்ளியில் படித்த தாத்தாவும் சீனப்பள்ளியில் படித்த பாட்டியும் இருக்கலாம்; ஒருவருக்கு ஆங்கிலம் உத்தியோகத்தின் மொழி, மற்றவருக்கு அது தம் பள்ளியை நெருக்கிய மொழி. ஆங்கிலம் மட்டுமே பேசித் திரியும் சீனரை சியாக் கந்தாங், அதாவது உருளைக்கிழங்கு தின்பவர் என்று கேலி செய்யும் வழக்கம் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உண்டு. பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் தோழர்கள் நடுவே சுத்தமான ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னால் அவன் காதில் அடுத்து விழுவது அந்தச் சொல்லாக இருக்கலாம். இதை அறியாத ஆசிரியர், நன்றாகப் பேசிய மாணவரை எழுப்பி நிறுத்தி வகுப்பின் முன் புகழ்கிறார். அடுத்த நாள் முதல் அந்த மாணவரும் மௌனமாகிவிடுகிறார். பாராட்டை நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வரியாக எழுதிக் கொடுப்பது நன்று. வகுப்பின் முன் பாராட்டித்தான் ஆக வேண்டுமென்றால் குழுவைப் பாராட்டலாம்.

ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசினால் அபராதம் என்ற முறையை நான் ஏற்பதில்லை. 1945-க்குப் பிந்தைய தைவான் பள்ளிகளில் தாய்மொழியான ஹொக்கியனைப் பேசிய பிள்ளைகளின் கழுத்தில் அட்டை மாட்டி அவமானப்படுத்தினார்கள். அங்கே மாண்டரின் வளர்ந்தது உண்மைதான், கூடவே அந்த அவமானமும் ஒரு தலைமுறையின் நினைவில் தங்கிவிட்டது. அபராத உண்டியல் வைத்த வகுப்பில் ஆங்கிலம் பெருகுவதில்லை, பேச்சு குறைகிறது.

மௌனத்தைக் கையாளுதல்

ஹொக்கியன் சமூகத்தில் பாய்சே என்பது கூச்சம், சங்கடம், பிறருக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டோமே என்ற உறுத்தல் எல்லாம் சேர்ந்த உணர்வு. முகம் இழப்பது, அதாவது நாலு பேர் முன்னால் மதிப்புக் குறைவது, தன்னோடு நிற்காமல் குடும்பத்தையும் தொடும் என்று கருதப்படுகிறது. இப்படி வளர்ந்த பிள்ளையிடம் எதிர்பாராத நேரத்தில் பெயர் சொல்லி ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால், தெரிந்த விடையும் தொண்டையில் நின்றுவிடும். ஏதேனும் சந்தேகம் உண்டா என்று வகுப்பைப் பார்த்துக் கேட்பதும் பயன் தராது. கேள்வி கேட்பது தன் மந்தத்தைக் காட்டுவதாகும், இல்லையேல் ஆசிரியர் சரியாக நடத்தவில்லை என்று சொல்வதாகும். இரண்டில் எதையும் ஒரு நல்ல பிள்ளை செய்யாது. நம் தமிழ்ப் பிள்ளைகளிடமும் இதன் சாயல் உண்டு என்றாலும், அவர்கள் பதில் தெரியாவிட்டாலும் எதையாவது சொல்லிப் பார்ப்பார்கள். இவர்கள் பதில் உறுதியானால்தான் வாய் திறப்பார்கள்.

ஆகவே பேசுவதற்கு முன் ஒத்திகைக்கு இடம் கொடுக்க வேண்டும். கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு இரண்டு நிமிடம் எவரையும் பார்க்காமல் இருக்கலாம். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு எந்த மொழியிலாவது கலந்து பேச விட்டு, விடையை இருவருக்கும் பொதுவானதாக, நாங்கள் நினைக்கிறோம் என்ற தொடக்கத்தோடு, ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லலாம். விடை தவறினால் முகம் இழப்பவர் எவருமில்லை. ஹொக்கியனில் கலந்து பேசுவது நேர விரயம் என்று சில தலைமையாசிரியர்கள் கருதக்கூடும். அந்த இரண்டு நிமிடத்தில்தான் உள்ளடக்கம் உருவாகிறது, ஆங்கிலம் அதன்மேல் ஏறுகிறது.

சந்தேகம் உள்ளவரைக் கேட்பதற்குப் பதிலாக, எல்லாரும் ஆளுக்கொரு கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதித் தர வேண்டும் என்று கட்டாயமாக்கிவிட்டால், கேள்வி கேட்பது துணிச்சலின் அடையாளமாக இல்லாமல் வீட்டுப்பாடத்தைப் போன்ற கடமையாகிவிடும். பிழை திருத்தத்தையும் பேசும்போதே செய்யாமல், காதில் விழுந்த மூன்று பிழைகளைப் பாடவேளையின் இறுதியில் பெயர் குறிப்பிடாமல் பலகையில் எழுதி, வகுப்பே திருத்தும்படி விடலாம்.

இவற்றையெல்லாம்விடப் பயன் தருவது வேடம். தன் பெயரில் பேசத் தயங்கும் மாணவர், வேறொருவராக நடிக்கும்போது தாராளமாகப் பேசுகிறார். ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த பிறகு நகரத்தின் தெருக்களில் வெளிநாட்டுப் பயணிகள் நிறைந்திருக்கிறார்கள். கூ குலத்தாரின் மன்றமான கூ கோங்சியின் கூரைச் சிற்பங்களை விளக்கும் வழிகாட்டி, இறால் மீ என்னும் நூடுல்ஸ் விற்பவர், காணாமல் போன கடவுச்சீட்டைப் பற்றிப் புகார் எழுதும் காவலர் என்று வேடம் கொடுத்தால், எதிரில் இருப்பவருக்கு வேறு மொழி தெரியாது என்ற காரணமே ஆங்கிலத்தை இயல்பாக்கிவிடுகிறது. தோழனோடு ஆங்கிலம் பேசுவதுதான் பிகு. பயணியோடு பேசுவதை எவரும் கேலி செய்வதில்லை.

இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்பில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. சீனப்பள்ளியிலிருந்தும் தமிழ்ப்பள்ளியிலிருந்தும் மலாய்மொழித் தேர்ச்சி போதாமல் வரும் மாணவர்கள் அங்கே சேர்ந்து உட்காருகிறார்கள். இருவரைச் சீனராகவும் இருவரைத் தமிழராகவும் வைத்துக் குழு அமைத்தால், எவருடைய வீட்டுக்கும் உரிமையில்லாத ஆங்கிலம் அந்த மேசையில் ஒரு தேவையாகிறது.

ஒலிப்பு

தமிழ்ச் செவி இங்கே ஆசிரியரை ஏமாற்றக்கூடும். தமிழில் வல்லின மெய் சொல்லின் இறுதியில் நிற்பதில்லை; அதனால்தான் நாம் எந்த ஆங்கிலச் சொல்லின் முடிவிலும் ஓர் உகரத்தை ஒட்டவைக்கிறோம். ஹொக்கியனில் ப், ட், க் ஆகியவை சொல்லின் இறுதியில் நிற்கும், ஆனால் வெடிக்காமல் வாய்க்குள்ளேயே அடங்கிவிடும். மாணவர் கேப் (cap), கேட் (cat) என்ற இரண்டு சொற்களை வேறுபடுத்தியே சொல்லியிருப்பார். நம் காதுக்கு இரண்டுமே கே என்று நின்றுபோனதாகத் தோன்றும். உதட்டையும் நாவையும் பார்த்தால் வேறுபாடு தெரியும். ஹொக்கியன் எண்களில் ஆறு லாக், ஏழு சிட், பத்து சாப். இம்மூன்றையும் சொல்லச் சொல்லி, முடிவில் சிறிது காற்றை வெளியே விடும்படி கேட்டால், ஆங்கில இறுதி மெய்யின் பாதிப் பயிற்சி முடிந்துவிடுகிறது.

உண்மையில் இல்லாதவை வேறு. இறுதியில் வரும் ஸ் ஹொக்கியனில் இல்லை. மெய்கள் அடுத்தடுத்து நிற்கும் மயக்கமும் இல்லை. கேப் (cap), கேபு (cab) என்பதுபோல் இறுதி மெய்யை ஒலிப்புடையதாகவும் ஒலிப்பற்றதாகவும் பிரிக்கும் வழக்கமும் இல்லை. இதன் விளைவு ஒலிப்போடு நிற்பதில்லை. ஆங்கிலத்தில் பன்மையும் இறந்தகாலமும் சொல்லின் கடைசி மெய்யில்தான் குடியிருக்கின்றன. ஹொக்கியன் வினைச்சொல்லோ காலத்துக்காகத் திரிவதே இல்லை. ஆகவே மாணவர் இறந்தகால விகுதியை விட்டுவிடும்போது, நா வராமல் விட்டாரா, கருத்தே இல்லாமல் விட்டாரா என்று பிரித்தறிய வேண்டும். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கடந்த காலம் என்னும் பெயர்ச்சொல்லும், கடந்து சென்றான் என்னும் வினைச்சொல்லும் ஆங்கிலத்தில் பாஸ்ட் (past, passed) என்றே ஒலிக்கும். இரண்டையும் வாக்கியங்களில் வைத்துப் பேசச் செய்து, பெயரிலும் வினையிலும் டகரம் விடுபட்டால் ஒலிப்புப் பயிற்சி கொடுக்கலாம். பெயரில் நின்று வினையில் மட்டும் விடுபட்டால் இலக்கணம் நடத்தலாம். இந்தப் பிரிவினை செய்யாமல் இருவருக்கும் ஒரே பயிற்சித்தாள் கொடுப்பது, பாதிப் பேருக்கு வீண்வேலை.

இலக்கணமும் தெருவாங்கிலமும்

ஹொக்கியனில் அவனும் அவளும் ஈ என்ற ஒரே சொல். மலாயின் டியாவும் மாண்டரினின் தாவும் பேச்சில் அப்படியே. மூன்று மொழிகளிலும் இல்லாத ஒரு வேறுபாட்டை நான்காவது மொழியில் நினைவில் வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பது, பாலை வினைமுற்றிலும் சேர்த்துச் சொல்லும் தமிழருக்கு எளிதில் புரிவதில்லை. ஆறாம் வகுப்பிலும் தன் அம்மாவை ஹீ என்று எழுதுகிறானே என்று கோபப்படுவதில் பயனில்லை. எழுதி முடித்ததும் இந்த ஒரு பிழைக்காக மட்டும் தாளை ஒருமுறை வாசிக்கும் பழக்கத்தை ஏற்படுத்தினால் போதும்.

ஐ ஈட் ஆல்ரெடி, யூ காட் ஈட்?, கேன் ஆர் நாட்? போன்ற தொடர்கள் ஹொக்கியன் தொடரமைப்பை அடியொற்றியவை: முடிந்த செயலுக்கு லியாவ், நிகழ்ந்ததற்கு ஊ, வினாவின் இறுதியில் போ. நம் தெருக்களில் தமிழரும் இதே ஆங்கிலத்தைத்தான் பேசுகிறார்கள். இதை உடைந்த ஆங்கிலம் என்று இகழ்வது மாணவரின் ஒரே பேச்சாங்கிலத்தைப் பறிப்பதாகும். பலகையை இரண்டாகப் பிரித்து, கடையில் சொல்வது ஒரு பக்கம், இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். தாளில் எழுதுவது மறுபக்கம் என்று ஒரே கருத்தை இரு வடிவிலும் எழுதிக் காட்டி, எது எங்கே பொருந்தும் என்று அவர்களையே சொல்ல விடலாம். எதிர்மறை வினாவுக்கு விடை சொல்வதில் மட்டும் ஆசிரியரும் விழிப்பாக இருக்க வேண்டும். செய்யவில்லையா என்றால் ஆம், செய்யவில்லை என்பது தமிழுக்கும் ஹொக்கியனுக்கும் பொதுவான முறை; ஆகையால் மாணவர் இங்கே யெஸ் என்று பிழையாகச் சொல்லும்போது நமக்கே அது பிழையாகப் படாது.

மனப்பாடத்தைப் பயன்படுத்துதல்

சீனப்பள்ளியில் பாடத்தை ஒப்பிப்பதும், சொல்வதெழுதுவதும், சேர்ந்து உரக்க வாசிப்பதும் அன்றாட வழக்கம். சீன எழுத்துகளை வேறு வழியில் கற்றுவிட முடியாது. இந்தப் பழக்கத்தோடு வரும் மாணவர் மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்து தேர்வில் கொட்டுகிறார் என்பது ஆங்கில ஆசிரியர்களின் நெடுநாள் குறை. மனனத்தைத் தடை செய்வதைவிட, மனனம் செய்யும் பொருளை மாற்றுவது மேல். கட்டுரைக்குப் பதிலாக உரையாடல்களையும், ஒரு வாக்கியத்தின் எழுவாயையோ காலத்தையோ மாற்றிச் சொல்லக்கூடிய வாக்கியச் சட்டகங்களையும் கொடுத்தால், அந்த நினைவாற்றல் பேச்சுக்கு உதவும்.

பாடப்பொருள்

2017 முதல் ஐரோப்பியத் தர அளவீடான சி.இ.எஃப்.ஆர். அடிப்படையில் பாடத்திட்டம் மாறியபோது பிரிட்டிஷ் பாடநூல்கள் இறக்குமதியாயின. அவற்றில் உள்ள பனிக்காலமும் வார இறுதி முகாமும் மாணவருக்கு அந்நியம். அவற்றோடு ஊர்ப்பொருளையும் சேர்க்க வேண்டும். சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் ஹொக்கியன் மக்களுக்கு முதல் நாளைவிடப் பெரிது. எதிரிகளிடமிருந்து தப்பிக் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்து பிழைத்த முன்னோரை நினைத்து, எட்டாம் நாள் இரவில் வானத்தின் அதிபதிக்குக் கரும்போடு படையலிடுவார்கள். பினாங்கின் சியூ படகுத்துறையில் அது கோலாகலமாக நடக்கும். அந்தக் கதையைப் பாட்டியிடம் ஹொக்கியனில் கேட்டு வந்து ஆங்கிலத்தில் எழுதும்படி சொன்னால், இறந்தகாலப் பயிற்சிக்கு அதைவிடப் பொருத்தமான பணி அமைவது கடினம். கதை தெரிந்திருப்பதால் மாணவரின் கவனம் முழுதும் மொழியில் நிற்கும். மாறாக, புத்தாண்டை ஒட்டிய வாரங்களில் சாவு, விபத்து பற்றிய தலைப்புகளைத் தவிர்க்கலாம். பல குடும்பங்களில் ஒருவரின் பெயரைச் சிவப்பு மையில் எழுதுவது அமங்கலமாகக் கருதப்படும். மதிப்பெண் பட்டியலில் பெயர்களை வேறு நிறத்தில் எழுதுவது ஆசிரியருக்கு ஒரு சிரமமும் இல்லாத மரியாதை.

பெற்றோருடன் பேசுதல்

ஆங்கிலம் வளர வீட்டில் ஹொக்கியனை நிறுத்திவிட வேண்டுமா என்று பெற்றோர் கேட்பார்கள். வேண்டாம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் 1979-இல் மாண்டரின் பேசும் இயக்கத்தைத் தொடங்கி வட்டார மொழிகளை ஓரங்கட்டியது. 2020 கணக்கெடுப்பில் வீட்டில் பெரும்பாலும் சீன வட்டார மொழி பேசுவோர் 8.7 விழுக்காடுதான். அங்கே ஆங்கிலம் பெருகியதற்கு எல்லாப் பள்ளிகளிலும் அதுவே பயிற்றுமொழியானதும் பெரிய காரணம். பினாங்கில் அந்தச் சூழல் இல்லாதபோது ஹொக்கியனை மட்டும் நிறுத்தினால், மிஞ்சுவது பாட்டியோடு பேச முடியாத பிள்ளைதான்.

டியூஷனும் மதிப்பெண்ணுமே பேச்சாக இருக்கும் பெற்றோரிடம், பேச்சுத்திறன் வளர்ந்திருக்கிறது என்று வாயால் சொன்னால் எடுபடாது. மகளைப் புகழ்ந்தாலும், சோம்பேறி, ஒன்றும் படிப்பதில்லை என்று அவள் முன்னாலேயே அடக்கத்துக்காக மறுப்பார்கள். அதை மெய்யென்று எடுத்துக்கொண்டு ஆசிரியரும் தலையாட்டிவிடக்கூடாது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு மாணவரின் ஒரு நிமிடப் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து வைத்து, இறுதியில் அதே தலைப்பில் இன்னொரு பதிவு எடுத்து, பெற்றோர் வரும்போது இரண்டையும் போட்டுக் காட்டலாம். ஆங்கிலம் அறியாத பெற்றோருக்கும் பேச்சின் நீளமும் வேகமும் இடையிலுள்ள மௌனத்தின் அளவும் காதில் விழும். இதற்கு முன்கூட்டியே மாணவரின் சம்மதத்தைப் பெற்றுக்கொண்டு, பதிவை வகுப்பின் முன் ஒருபோதும் ஒலிபரப்பாமல், அந்தக் குடும்பத்துக்கு மட்டும் காட்ட வேண்டும்.